இருபத்து மூன்றாவது வரி

அக்காவுக்குப் பத்தரை மணிக்கு ஆபரேஷன். தங்கைக்காரி ஆபீஸில் நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறாள். இதைவிட அநியாயம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, கொஞ்சம் பொறுங்கள்.

தங்கைக்காரியை ஆபீஸில் எல்லோரும் 'சாவி' என்றுதான் கூப்பிடுவார்கள். பதிவகம் என்கிற அந்த மாபெரும் இணையதளத்தின் டேட்டாபேஸ் அவள் பொறுப்பு. அதைத் திறக்கிற பாஸ்வேர்டு அவள் கையில். அதனால் வந்த பெயர். பதிவகம் என்றால் சும்மா இல்லை. நாட்டில் இருக்கிற அத்தனை பேரின் மருத்துவக் குறிப்பும் அதில்தான் இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கவுன்டரில் உங்கள் எண்ணைச் சொன்னால் போதும். என்ன வியாதி, என்ன மாத்திரை, எந்த வயதில் எந்தக் கையை உடைத்துக்கொண்டீர்கள், எல்லாம் ஸ்கிரீனில் வந்து நிற்கும். ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது இருந்தால் எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு எழுத்தில் வரும்.

பதிவகத்தில் அக்காவின் பக்கத்திலும் ஒரு சிவப்பு வரி உண்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் குடல்வால் ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும்போது போட்ட ஒரு ஊசி அவளுக்கு ஆகவே இல்லை. உடம்பு கட்டையாக விறைத்து, காய்ச்சல் கொதித்து, இதயம் தாறுமாறாக அடித்து, மூன்றாம் நாள்தான் கண்ணைத் திறந்தாள். அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார்ந்திருந்தவள் சாவிதான். பிழைத்தது மறுபிறவி என்றுதான் டாக்டரே சொன்னார். மருந்தின் பெயர் சக்சமித்தோனியம். குடும்பத்தில் சாவியைத் தவிர ஒருத்தர் வாயிலும் அது நுழையாது. அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அதற்கு 'சமுத்திர ஊசி' என்று தானாக ஒரு பெயர் வைத்துக்கொண்டு ஒன்பது வருஷத்தை ஓட்டிவிட்டார்.

இந்தத் தடவை கர்ப்பப்பையில் கட்டி. முந்தின நாள் சாயங்காலம் சாவி அக்கா வீட்டுக்குப் போனபோது, அத்தான் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பழைய தாள்களையெல்லாம் திணித்துக்கொண்டிருந்தார். மனுஷனுக்குப் பத்திரம் ஜாஸ்தி. செத்துப்போன மின்விசிறியின் உத்தரவாத அட்டையைக்கூடத் தூக்கிப்போட மனசு வராதவர்.

“என்ன அத்தான், ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா, கோர்ட்டுக்குப் போறீங்களா?” என்று சாவி சீண்டினாள்.

“சிரி, நல்லா சிரி. அந்தச் சமுத்திர ஊசி விஷயம் இதுலதான் எழுதியிருக்கு.”

“அது சைட்லயே செக்கச்செவேல்னு வருமே. நம்பரைச் சொன்னாப் போதும். இந்த மூட்டையைத் தூக்கிட்டுப் போனா கவுன்டர்ல இருக்கிற பொண்ணு உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.”

“விடுங்களேன். அவதான் சொல்றாளே. அவ வேலையே அதுதானே?” என்றாள் அக்கா.

அத்தான் அரை மனசோடு உறையை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். வாசல்வரை வந்த அக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது.

“நாளைக்கு நீ வரமாட்டியாடி?”

“நாளைக்குத்தான்க்கா டேட்டாபேஸ் மாத்தறோம். நான் நகர முடியாது. ஆனா நான் இல்லாட்டி என்ன, என் சைட்டு உன்கூடவே இருக்குமில்ல?”

“பயமா இருக்குடி.”

“லூசு மாதிரிப் பேசாதே,” என்று சாவி அக்காவின் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கிளம்பினாள். அவளுக்கும் உள்ளுக்குள் பயம்தான். அதைச் சொல்லியிருக்கலாம்.

இனி இந்த மாற்றுகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் என்றால் ஒரே சரக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தால் அது உங்கள் குற்றமில்லை. சர்வர்களை ஓட்டுகிற அந்த லினக்ஸை ஆளாளுக்கு ஒரு விதமாகக் கோத்து, ஒரு பெயர் வைத்து வெளியிடுகிறார்கள். உள்ளே எலும்பு ஒன்று. வெளியே பழக்கவழக்கம் வேறு. பதிவகம் பத்து வருஷமாக ஒருவகை லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தயாரித்தவர்கள் இந்த வருஷத்தோடு பாதுகாப்புத் திருத்தம் எதுவும் அனுப்பமாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். திருத்தம் வராத சர்வரில் ஒரு நாட்டின் நோய்நொடியை வைத்திருப்பது, வீட்டைத் திறந்து போட்டுவிட்டு வெளியூர் போவது மாதிரி. அதனால் நானூறு சர்வர்களையும் வேறொரு வகை லினக்ஸுக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று.

மூன்று வாரத்தில் மற்றதெல்லாம் நல்லபடியாக மாறிவிட்டது. கடைசியாக டேட்டாபேஸ். அதிலிருக்கிற அத்தனையையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் புது சர்வரில் ஏற்ற வேண்டுமென்றால் ஒரு முழுநாள் சைட்டை மூட வேண்டும். அதற்கு யார் ஒப்புக்கொள்வார்கள்? சாவி வேறு வழி கண்டுபிடித்தாள். உள்ளது உள்ளபடி, பெட்டி பெட்டியாக அப்படியே நகலெடுத்துப் புது சர்வரில் வைத்துவிடுவது. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு இருபதே நிமிஷம் மூடி, இதிலிருந்து அதற்குத் தாவிவிடுவது. எல்லோரும் பலே என்றார்கள். அவளுக்கும் தலைகால் புரியவில்லை.

இந்த மாதிரி வேலைக்கு அந்த ஆபீஸில் ஒரு பட்டியல் போடுவார்கள். மொத்தம் நாற்பது வரி. ஒரு வரியைச் செய்து முடித்தால் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வரி தேவையில்லை என்று அடித்துவிடுவதற்கோ ஒருத்தர் கையெழுத்தே போதும். எந்தப் புண்ணியவான் வைத்த சட்டமோ தெரியாது. இருபத்து மூன்றாவது வரி: 'தேடுபட்டியல்களைப் புதிய சர்வரின் வரிசை முறைப்படி மறுபடி அடுக்குதல் — ஐந்து மணி நேரம்.' தேடுபட்டியல் என்றால் எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று காட்டுகிற அட்டவணை. சாவி ஆபீஸில் வேலை பார்க்கிற அறுநூறு பேரின் எண்ணையும் புது சர்வரில் தேடிப் பார்த்தாள். ஒன்று பாக்கியில்லாமல் கிடைத்தது. கிடைக்கிறதே, பிறகு எதற்கு மறுபடி அடுக்க வேண்டும்? ஐந்து மணி நேரம் என்ன சும்மா வருகிறதா? பேனாவை எடுத்து அந்த வரியைக் கோடு போட்டு அடித்து, ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

வியாழக்கிழமை ஆறு மணிக்குத் தாவினார்கள். ஆறு இருபதுக்கு சைட் திறந்தது. எந்தப் பக்கத்தைத் தட்டினாலும் பாதி நேரத்தில் வந்து விழுந்தது. மேனேஜர் கைதட்ட ஆரம்பித்தார். அவருக்கு ஆபீஸில் பெயரே 'கைதட்டு'தான். காப்பி மிஷின் ரிப்பேரானால்கூட எல்லோரையும் நிற்க வைத்துக் கைதட்டச் சொல்வார். ஆனால் இன்று அவர் தட்டியதில் நியாயம் இருந்தது. சாவியும் தட்டினாள். ஒரு கண் மட்டும் கடிகாரத்தில் இருந்தது. அக்கா இந்நேரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருப்பாள்.

ஒன்பது ஐம்பதுக்குக் கைதட்டு மறுபடி எல்லோரையும் சுவரிலிருந்த பெரிய ஸ்கிரீன் முன்னால் கூட்டினார். “பாருங்க, பாருங்க! புதுப் பதிவு! தினமும் இந்த நேரத்துக்கு இருநூறு தாண்டாது. இன்னிக்கு ஆயிரத்து அறுநூறு! சைட்டு வேகமானதும் ஜனங்க எப்படி வந்து சேர்றாங்க பார்த்தீங்களா!”

எல்லோரும் தட்டினார்கள். சாவியின் கை பாதியில் நின்றது. புதுப் பதிவு என்றால் பிறந்த குழந்தை, இல்லாவிட்டால் புதிதாக நாட்டுக்கு வந்தவர். இன்றைக்குப் பார்த்து எட்டு மடங்கு குழந்தையா பிறக்கும்?  பக்கத்தில் நின்ற நெட்வொர்க்குக்காரரைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயது, எப்போதும் பாதி மூடின கண். ஆபீஸே அவரைத் 'தூக்கம்' என்று கூப்பிட்டது. அவரும் கைதட்டவில்லை.

“என்ன சார் இது?”

“எனக்கும் பிடிபடல,” என்றார் தூக்கம். “நீ கொஞ்சம் உள்ள பாரேன்.”

அவள் தன் இடத்துக்கு வந்து உட்காரக்கூட இல்லை, போன் அடித்தது. அத்தான்.

“சின்னவளே! உன் சைட்டு பறக்குதும்மா!”

“அக்கா எப்படி இருக்கா?”

“மாடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஒரு மாத்திரை குடுத்தாங்க, கண்ணு சொருகுது அவளுக்கு. அதை விடு, இதைக் கேளு. கவுன்டர்ல நம்பரைச் சொன்னேன். அப்படி ஒரு நம்பரே இல்லேன்னுது அந்தப் பொண்ணு. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. உடனே ஒரு பச்சை பட்டனை அமுக்கி, அதே நம்பர்ல புதுசாப் போட்டுக் குடுத்துடுச்சு. ரெண்டே நிமிஷம்! பழைய சைட்டா இருந்தா அரை மணி நேரம் சுத்திக்கிட்டே கிடக்கும்.”

 “புதுசாவா? அத்தான், சிவப்பு வந்துச்சா? மேலே சிவப்பு எழுத்து?”

“சிவப்பு ஒண்ணும் வரலையே. ஒரு ஊசி ஆகாதுன்னு நான்கூடச் சொன்னேன். பேரு கேட்டாங்க. எனக்கு அந்தச் சமுத்திரத்தை விட்டா என்ன தெரியும்? ஸ்கிரீன்ல எதுவும் இல்ல சார், சுத்தமா இருக்கு, கவலைப்படாதீங்கன்னாங்க. நீயும் அதைத்தானே சொன்னே, எல்லாம் ஸ்கிரீன்ல வரும்னு. இரும்மா, இங்க போனை அணைக்கச் சொல்றாங்க...”

“அத்தான்! அத்தான், வெச்சுடாதீங்க, கேளுங்க!”

வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் அணைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. மறுபடி அடித்தாள். மறுபடி அதே குரல்.

அக்காவின் எண்ணைத் தட்டித் தேடினாள். மனப்பாடமான எண்தான்: 4-71-2093. ஒரே ஒரு பதிவு வந்தது. இன்று காலை ஒன்பது இருபத்திரண்டுக்குப் பிறந்த பதிவு. ஒவ்வாத மருந்து: எதுவுமில்லை. பிறகு தேடுபட்டியலை நம்பாமல் டேட்டாபேஸ் முழுவதையும் ஆரம்பத்திலிருந்து படித்துப் பார்க்கச் சொன்னாள். அதற்கு நாலு நிமிஷம் ஆயிற்று. அந்த நாலு நிமிஷத்தை அவள் எப்படிக் கடத்தினாள் என்று கேட்காதீர்கள். இப்போது இரண்டு பதிவு வந்தது. ஒரே எண், ஒரே அக்கா. ஒன்றில் ஒன்பது வருஷத்துச் சரித்திரமும் தலைமாட்டில் சிவப்பு வரியும். இன்னொன்றில் வெறும் வெள்ளை.

அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எண்ணுக்கு நடுவே இருக்கிற அந்தச் சின்னக் கோடுதான். பழைய லினக்ஸ் வரிசைப்படுத்தும்போது கோட்டைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. புது லினக்ஸோ கோட்டையும் ஓர் ஆளாக மதித்து வரிசையில் நிறுத்தும். அலமாரியில் கோப்புகள் பழைய குமாஸ்தா அடுக்கினபடியே இருக்கின்றன. தேடப் போகிறவர் புதுக் குமாஸ்தா. அவர் தன் கணக்குப்படி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே கை விட்டுப் பார்க்கிறார், இல்லை, திரும்பி வந்து அப்படி ஒருத்தர் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்கிறார். ஓர் எண்ணை இரண்டு பேருக்குக் கொடுக்காமல் காவல் காக்கிறதும் அதே குமாஸ்தாதான். அதனால் பச்சை பட்டனும் தடுக்காமல் வேலை செய்கிறது.

ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேருக்கும் வேலையில் சேர்ந்தபோது புது எண் கொடுத்திருந்தார்கள். அவர்கள் எண்ணில் கோடே கிடையாது. கோடு போட்ட எண் முதல் நாலு வருஷத்தில் பதிந்தவர்களுக்குத்தான். அறுநூறு பேரைச் சோதித்தாளே, வேண்டாம், அக்காவின் ஓர் எண்ணைத் தட்டிப் பார்த்திருந்தால் போதும். அதற்காகத்தான் இருபத்து மூன்றாவது வரியை எவனோ ஒரு நல்லவன் எழுதிவைத்திருந்தான். அதை அவள் அடித்துப் போட்டாள். 

மணி பத்து எட்டு.

அக்காவின் வெள்ளைப் பதிவில் சிவப்பு வரியைத் தானே எழுதிச் சேர்த்தாள். அப்படி ஆபீஸிலிருந்து கைவைப்பது பெரிய குற்றம். அதையெல்லாம் நினைக்க ஏது நேரம்? எழுதி முடித்த பிறகுதான் கீழே இருந்த வரி கண்ணில் பட்டது: ஆபரேஷன் அறைக்கு நகல் போன நேரம், பத்து ஐந்து. நோயாளி மாடி ஏறியதும் அறையில் இருக்கிற ஸ்கிரீன் ஒரு தடவை நகல் வாங்கி வைத்துக்கொள்ளும், டாக்டர் அதில் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதன்பிறகு இங்கே என்ன எழுதினாலும் அங்கே போய்ச் சேராது. மூன்று நிமிஷத்தில் தவறிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள். நீங்கள் வரிசையில் பதினான்காவது ஆள் என்று சொல்லிவிட்டு ஓர் இசை ஓடியது. தூக்கம் விஷயத்தைக் கேட்டுவிட்டு இன்னொரு போனில் வார்டு எண்ணைப் பிடிக்கப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க நாதியில்லை. காரில் போனால் ஐம்பது நிமிஷம். அக்கா அங்கே கண் சொருகிப் படுத்திருக்கிறாள், தன்னோடு தங்கையின் சைட்டு இருக்கிற தைரியத்தில்.

“சார்,” என்றாள் சாவி, “சைட்டை இறக்கிடலாம்.”

தூக்கத்தின் கண் முழுசாகத் திறந்ததை ஆபீஸ் அன்றைக்குத்தான் பார்த்தது.

பதிவகம் செத்துப்போனால் ஆஸ்பத்திரிகள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது. ஆபரேஷன் அறை ஸ்கிரீன்கள் நிமிஷத்துக்கு ஒரு தடவை சைட்டுக்கு உயிர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும். இல்லையென்றால் ஸ்கிரீன் சாம்பல் நிறமாகி, 'தாளுக்கு மாறவும்' என்று வரும். கையில் இருக்கிற நகலும் செல்லாது. மயக்கம் கொடுக்காமல் நிறுத்திவிட்டு, ஒரு தாளை எடுத்து, நோயாளியையும் கூட வந்தவரையும் ஒவ்வொரு கேள்வியாக வாயால் கேட்டு எழுத வேண்டும். முன்பு எந்த மருந்தாவது ஆகவில்லை என்று சொன்னால், அது என்ன மருந்து என்று தெரிகிறவரைக்கும் கத்தியைத் தொடக் கூடாது.

கைதட்டு ஓடி வந்தார். “என்னம்மா சொல்றீங்க? நாடு பூராவும் ஆஸ்பத்திரி இருக்கு! விபத்து கேஸ் வரும், மாரடைப்பு வரும், குறிப்பு இல்லாம அவங்க என்ன பண்ணுவாங்க? சாயங்காலம் கூட்டம் குறைஞ்சதும் மூடி, அந்த வரிசையைச் சரி பண்ணிடலாம். இப்ப இருக்கிறபடி இருக்கட்டும்.”

“சார், சைட்டு செத்துடுச்சுன்னா அவங்க கேப்பாங்க. இப்ப அது சாகல. ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்குன்னு சொல்லுது. அதை நம்பி யாரும் கேக்க மாட்டேங்கறாங்க.”

“எத்தனை பேருக்கு இப்படி ஆயிருக்குன்னு தெரியுமா?”

“ஆயிரத்து எண்ணூறு ஆகியிருக்கு. இன்னும் ஏறிக்கிட்டிருக்கு. நீங்கதானே சார் கைதட்டினீங்க?”

கைதட்டின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவரும் அந்த ஸ்கிரீனை நம்பினார்.

சைட்டை இறக்க இரண்டு பேர் பாஸ்வேர்டு வேண்டும். ஒரு பாதி சாவியிடம், மறுபாதி தூக்கத்திடம். அவள் தன் பாதியைத் தட்டிவிட்டு அவரைப் பார்த்தாள். ரிட்டயராக இரண்டு வருஷம் இருக்கிற மனுஷன். கீபோர்டு மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. இது உங்க அக்காவுக்காகவா?”

இல்லை, ஊருக்காக என்று சொல்ல வாய் வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் கேட்க நன்றாகத்தான் இருந்திருக்கும்.

“ஆமா சார். அக்காவுக்காகத்தான். அவ இதுல மாட்டலேன்னா நானும் சாயங்காலம் பார்த்துக்கலாம்னுதான் சொல்லியிருப்பேன்.”

தூக்கம் அவளை ஒரு நொடி பார்த்தார். பிறகு தன் பாதியைத் தட்டினார். பத்து பத்தொன்பதுக்கு, நாலு மணி நேரம் உயிரோடு இருந்த புதுப் பதிவகம் நாடு முழுக்க மூச்சை நிறுத்தியது. சுவர் ஸ்கிரீனில் வரைபடக் கோடுகளெல்லாம் தரைக்கு வந்தன.

அதன்பிறகு ஆபீஸில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. இருக்கிற போனெல்லாம் ஒரே நேரத்தில் அலறியது. மேலதிகாரிகள், ஆஸ்பத்திரிகள், பத்திரிகைக்காரர்கள். கைதட்டு இரண்டு காதிலும் போனை வைத்துக்கொண்டு, சார் சார் என்று வியர்த்து வழிந்தார். சாவி யாருக்கும் பதில் சொல்லவில்லை. அந்த அறையிலிருந்த முப்பத்திரண்டு பேரின் குரலுக்கு நடுவே, மேசையில் கிடந்த தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து இருபத்தைந்து. முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டிருந்தால்? முதல் வேலையே அந்த ஊசிதானே? பத்து முப்பது. சாம்பல் நிறம் வந்ததை யாரும் பார்க்காமல் இருந்தால்? பத்து நாற்பது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடைவழியில் உட்கார்ந்திருந்தபோது தரையில் எத்தனை கல் பதித்திருந்தது என்று எண்ணினாளே, அந்தத் தரை இப்போது கண்ணுக்குள் வந்து நின்றது.  உறையை அலமாரியில் வைக்கச் சொன்ன வாயை என்ன செய்தால் தகும்?

பத்து ஐம்பத்தொன்றுக்கு போன் அடித்தது.

“என்னம்மா இது, உன் சைட்டு இப்படி மானத்தை வாங்குது!” அத்தான் கத்தினார். “காலையில பறந்துச்சு, இப்ப படுத்துடுச்சாமே! உங்க அக்காவைக் கதவு வரைக்கும் தள்ளிட்டுப் போயி, திருப்பி வெளியே கொண்டுவந்துட்டாங்க. என்னையும் உள்ளே கூப்பிட்டு ஒரு தாளை வெச்சுக்கிட்டு, அவ பொறந்த கதையிலேர்ந்து கேக்கறாங்க!”

“ஊசி? ஊசி போட்டாங்களா அத்தான்?”

“எங்க போட்டாங்க? சமுத்திர ஊசின்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கல. பேரு தெரியாம ஒரு அடிகூட நகர மாட்டோம்ங்கறாங்க. பேரு என்னம்மா அது?”

சாவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். அத்தான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, திரும்பப் படித்தார். ஓர் எழுத்து விட்டிருந்தது. மறுபடி சொன்னாள். பின்னால் யாரோ ஒரு டாக்டர், அடக் கடவுளே என்பது காதில் விழுந்தது.

“ஏம்மா, அந்தச் சிவப்பு எழுத்து ஏன் வரல?” என்றார் அத்தான். இப்போது அவர் குரல் இறங்கியிருந்தது.

“என் தப்பு அத்தான். நான்தான் ஒரு வேலையைச் செய்யாம விட்டேன். அந்தக் காகிதத்தை நீங்க கொண்டுபோயிருக்கணும். நான்தான் கெடுத்தேன்.”

 போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

“ஏண்டி அழறே?” என்றது அக்காவின் குழறின குரல். “எனக்கு ஒண்ணும் ஆகல. போய் உன் வேலையைப் பாரு.”

சாவி போனை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதிரே தூக்கம் ஒரு காகிதக் கட்டோடு நின்றார். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் மனுஷன் சும்மா இருக்கவில்லை. காலையிலிருந்து விழுந்த வெள்ளைப் பதிவுகளையெல்லாம் பழைய பதிவுகளோடு சேர்த்துப் பார்த்து, சிவப்பு வரி தொலைத்தவர்களை மட்டும் பொறுக்கியிருந்தார். இருநூற்றுப் பதினொரு பேர். யாருக்கு இன்றைக்கு ஊசி, யாருக்கு ஆபரேஷன் என்று நேரப்படி வரிசை போட்டிருந்தார். பக்கத்துக்கு இருபது பேராகக் கிழித்து ஒவ்வொருத்தர் கையிலும் கொடுத்துக்கொண்டே வந்தார். கைதட்டும் ஒரு பக்கத்தை வாங்கிக்கொண்டு, மேலதிகாரியின் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“எனக்கு முதல் பக்கம் குடுங்க சார்,” என்றாள் சாவி.

முதல் பக்கத்து முதல் எண்ணிலும் நடுவே அந்தச் சின்னக் கோடு இருந்தது. அக்காவைவிட நாலு வயது சின்னவள். ஆபரேஷன் நேரம் காலை ஏழே முக்கால். கூட வந்தவர், அண்ணன் என்று ஒரு போன் நம்பர். சாவி அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“ஹலோ?” ஓர் ஆண் குரல்.

“பதிவகத்துலேர்ந்து பேசறேன். உங்க தங்கச்சிக்கு இன்னிக்கு ஆபரேஷன்னு... எப்படி இருக்காங்க?”

“ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும்னாங்க. இன்னும் வெளியே கொண்டு வரல. கேட்டா யாரும் எதுவும் சொல்ல மாட்டேங்கறாங்க.”  “நீங்க ஏன் கேக்கறீங்க?”

சாவி எழுந்து நின்றாள். எதற்காக எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு தன் பெயரைச் சொல்லி, இருபத்து மூன்றாவது வரியிலிருந்து ஆரம்பித்தாள்.